கட்சாலில் கிடந்த செம்பு

நான் எழுதக் கற்றுக்கொண்டு எட்டு மாதம்தான் ஆகிறது. எழுபத்தொன்பது வயதில், போர்ட் பிளேரில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். 'ழ' கிடைத்துவிட்டால் அன்று முழுக்க சந்தோஷம். நிக்கோபார் தீவான கட்சாலுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆனால் நான் போன பயணம் சந்தோஷமானதில்லை.

எழுபதுகளின் நடுவில், தீபாவளி முடிந்த வாரம் அது. நான் போர்ட் பிளேரில் ஹாடோ ஜெட்டி என்ற கப்பல் துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். என் தம்பி வேலு, கட்சாலில் ரோடு போடும் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குப் போயிருந்தான். காய்ச்சல் என்று முதலில் தகவல் வந்தது. முருகன் கோவிலில் விழுந்து கிடந்தேன், மொட்டை போடுவதாக வேண்டினேன். அடுத்த தகவல், அடக்கம் செய்துவிட்டோம் என்று வந்தது. அன்றோடு திருநீறு பூசுவதை விட்டேன். கோபம்கூட இல்லை. இத்தனை நாள் யாருமில்லாத வீட்டுக் கதவையா தட்டிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மனதை அறுத்தது. எங்கள் வழக்கப்படி, சடலத்தை மூன்று முறை தண்ணீர்க் குடத்தோடு சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போடுவார்கள். கடைசியில் குடத்தை உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். கல்யாணமாகாத தம்பிக்கு அதை நான் செய்திருக்க வேண்டும். செய்ய ஆளில்லாமல் போய்விட்டான். அவனிடம் அம்மாவின் பித்தளைச் செம்பு இருந்தது. அதையாவது கொண்டுவர வேண்டும் என்று கிளம்பினேன்.

நிக்கோபாருக்குப் போக அப்போதும் அரசாங்க பாஸ் வேண்டும், இப்போதும் வேண்டும். பாஸ் வாங்கவே பத்து நாள் அலைந்தேன். கப்பல் மாலை நாலு மணிக்குப் புறப்பட்டது. கார் நிக்கோபார் வழியாகக் கட்சால் போய்ச் சேர மூன்றாம் நாள் காலை ஆனது. ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். டெக்கில் படுத்துத்தான் போனேன்.

என் பக்கத்தில், போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் கடை வைத்திருந்த ஒரு பாய், அரிசி மூட்டைகளோடு வந்தார். கப்பல் ஆடிய ஆட்டத்தில் நான் வாந்தி எடுக்க, அவர் ஊறுகாய் கொடுத்தார். கப்பல் திரும்பும் திசைக்கெல்லாம் தொழுகை விரிப்பை மாற்றிப் போட்டுத் தொழுதார். எதற்கு என்று கேட்டுவிட்டேன். கேட்ட விதம் மரியாதையாக இல்லை.

அவர் கோபிக்கவில்லை. "எனக்கு மூணு பிள்ளை மவுத்தாயிட்டு தம்பி. பொழைக்கணும்னு கேட்டது ஒண்ணும் கெடைக்கல" என்றார். பிறகு விரிப்பைச் சுருட்டிக்கொண்டே, "கூப்பிடாம இருந்து பார்த்தேன். அதுவும் முடியல" என்றார்.

அந்தப் பதில் எனக்கு ஆறுதல் தரவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

கட்சால் ஜெட்டியில், நான் வரும் தகவல் கேட்டு, பீட்டர் என்ற நிக்கோபாரி காத்திருந்தார். வேலு அவர் வீட்டில்தான் சாப்பிட்டானாம். இந்தியில் பேசிக்கொண்டோம். இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, தென்னந்தோப்பு வழியாகக் கடலோரம் கூட்டிப்போனார். அரை மணி நடை.

மணல்மேட்டில் ஒரு மரச்சிலுவை. அதன் கீழே வேலுவின் தட்டு மடங்கிக் கிடந்தது. லாந்தர் நொறுங்கியிருந்தது. சட்டைகள் கிழிந்திருந்தன. அம்மாவின் செம்பு வயிற்றில் வெட்டுப்பட்டுக் கிடந்தது.

யார் செய்தது என்று கத்தினேன்.

"மைனே தோடா, பையா" என்றார் பீட்டர். நான்தான் உடைத்தேன் என்று. செத்தவன் பொருளை உயிரோடிருப்பவர் தொடக்கூடாது, உடைத்து அவனிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் பழைய வழக்கமாம். பாதிரியாருக்குப் பிடிக்காது, இருந்தாலும் செய்தேன் என்றார். பிறகு மெதுவாக, "உஸ்கா கோயி நஹி தா இதர்" என்றார். இங்கே அவனுக்கு யாரும் இல்லையே.

அவரை அடிக்கத்தான் கை எழுந்தது. அந்தக் கையால் செம்பை எடுத்தேன். கடலில் இறங்கி அதை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டேன். பீட்டர் போட்ட வெட்டு வழியாகத் தண்ணீர் முதுகில் வழிந்தது. மேட்டை மூன்று முறை சுற்றினேன். மூன்றாவது சுற்று முடிவதற்குள் செம்பு காலியாகிவிட்டது. உடைக்க வேண்டிய வேலையை எனக்கு முன்பே அவர் செய்திருந்தார். இருந்த இடத்திலேயே செம்பை வைத்துவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. கூட நடந்த பீட்டரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று அவருக்கு யார் சொன்னது என்று தெரியாது.

சாமி திரும்பி வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. இன்றுவரை, பாய், பீட்டர், நான் என்ற எங்கள் மூன்று பேரின் கடவுளில் யார் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கிறாரா என்றே தெரியாத ஒருவருக்காக மூன்று பேரும் இத்தனை பாடு பட்டோம், அது மட்டும் தெரியும்.

போகிறவர்களுக்கு: பாஸுக்கு முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். மழைக்காலத்தில் கப்பலை நம்பித் தேதி வைக்காதீர்கள். ஊறுகாய் எடுத்துக்கொள்ளுங்கள். வேலுவின் மேட்டைத் தேட வேண்டாம், சுனாமியில் அந்தக் கரையே போய்விட்டது. வேறெங்காவது கல்லறை மேல் உடைந்த பாத்திரம் கிடந்தால் எடுக்காதீர்கள். அது குப்பை இல்லை.