போட்டோவில் மட்டும் போட்ட கோட்டு

ஒரு விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ தேவைப்பட்டது. இன்று காலை ரத வீதி ஸ்டுடியோவுக்குப் போனேன்.

உண்மையைச் சொல்கிறேன், போட்டோவுக்காக மட்டும் போகவில்லை. அங்கே ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். இரண்டு மாதமாக நான் பார்க்கும் வெளிநாட்டு சீரியலில் ஒரு வக்கீல் வருகிறான். எழுந்தால் கோட்டுப் பட்டனைப் போடுவான், உட்கார்ந்தால் கழற்றுவான். அதை ஒரே ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும் எனக்கு.

ஆணி இருந்தது. கோட்டைக் காணோம்.

“அதைத் தூக்கிப் போட்டாச்சு அண்ணாச்சி,” என்றார் ஸ்டுடியோக்காரர். “நீங்க சட்டையோட உக்காருங்க, கோட்டைக் கம்ப்யூட்டர்ல மாட்டிவிட்டுருதேன். எந்த மாதிரி வேணும்?”

போனில் வக்கீலைக் காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் எட்டு போட்டோ கைக்கு வந்தது. கருநீலக் கோட்டு, டை, தோளில் ஒரு சுருக்கம் கிடையாது.

“மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க!”

என் கல்யாணம் பட்டு வேட்டியோடு முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்தேன். கை தானாக வயிற்றுப் பக்கம் போனது. அங்கே கட்டம் போட்ட சட்டைதான் இருந்தது.

ரிசப்ஷனுக்கு ஒருநாள் போட்ட கோட்டைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் சங்கரன்கோவில் மாப்பிள்ளைகளே, நாற்பது சைஸ் யாரிடம் இருக்கிறது? வெயிலைப் பற்றி யாரும் கமெண்ட் போட வேண்டாம். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, எழுந்து, திருப்பித் தந்துவிடுகிறேன்.