தாய்வழி வந்த சோர்வு

பண்ருட்டி பலாப்பழ மண்டியில் ராஜவேல் ஏலம் கூறும் குரலைக் கேட்டவர்கள், வீட்டில் அவர் வாயே திறக்காமல் கிடப்பார் என்றால் நம்ப மாட்டார்கள். வருஷத்தில் இரண்டொரு மாதம் மனசு விழுந்துவிடும். சோறு இறங்காது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சின்ன வயதிலேயே சர்க்கரை, அப்புறம் காது மந்தம். அம்மாவுக்கும் இதெல்லாம் இருந்தது. அண்ணாகிராமத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கம்மாளுக்கும் இருக்கிறது.

மாத்திரையில் படுக்கை குறைந்தது, பயம் குறையவில்லை. ஒரே மகள் ஸ்ரீமதிக்கும் இது வந்துவிடுமோ என்ற பயம். குலதெய்வம் அப்பா வழி, பங்காளி அப்பா வழி, தீட்டுகூட அப்பா வழி. நோய் மட்டும் வேறு வழியிலா வரப்போகிறது? மனுஷர் கணக்கு அப்படி. நோய் வரப்போகிறவளை இன்னொரு வீட்டில் எப்படிக் கட்டிக்கொடுப்பது? வரன் வந்தால் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஜோசியரிடம் கிளம்புவார். திரும்பி வந்து, "பொருந்தல" என்பார். நல்ல இடமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் பொருந்தாமல் போகும்! திருப்பாதிரிப்புலியூர் பையன் அன்பரசுவின் ஜாதகமும் அப்படித்தான் போனது.

2011-இல் சிதம்பரத்து டாக்டரம்மா ஒருவர் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு, ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார். முடிவு தெரிந்த அன்று மனைவி தில்லையம்மாளும் கூடப் போயிருந்தாள்.

"ஒடம்புல இருக்குற செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குறது மைட்டோகாண்ட்ரியா. அதோட மரபணுவுல ஒங்களுக்கு ஒரு மாற்றம் இருக்கு. சுகருக்கும் காதுக்கும் அதான் காரணம். மனச்சோர்வுக்கும் அதுவே காரணமா இருக்கலாம், உறுதியா சொல்ல முடியல."

"எம் பொண்ணுக்கு வருமாம்மா?" என்று கேட்டார் ராஜவேல்.

"இந்த மாற்றம் அம்மாகிட்டேர்ந்துதான் புள்ளைங்களுக்குப் போவும். அப்பாகிட்டேர்ந்து போவாது. ஒங்க அக்கா புள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க. முன்னாடியே தெரிஞ்சா நல்லா பாத்துக்கலாம்."

காதில் நன்றாக விழுந்திருந்தும், "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார் ராஜவேல்.

பஸ்ஸில் அக்கா பிள்ளைகளை நினைத்து ஒரு பாட்டம் கவலைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமையே போய் அழைத்து வருவதென்று முடிவு செய்தார். பிறகு மகள் நினைவு வந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

"அந்த அன்பரசு ஜாதகம்..." என்று இழுத்தார்.

"பொருந்தியிருந்திச்சு" என்றாள் தில்லையம்மாள். " மறுநாளே ஜோசியர்கிட்ட போயி கேட்டுட்டேன். நீங்க அந்தப் பக்கமே வரலன்னாரு."

ராஜவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பையன் வூட்டுக்கும் போனேன். ஒங்க ஒடம்பப் பத்தி ஒண்ணு வுடாம சொன்னேன். அந்தம்மா, 'எங்க வூட்டுக்காரரும் அதே மாத்திர போடுறவருதான், அதுக்கென்னா? பொண்ணோட அப்பா மனசு வெக்கிறப்ப வாங்க'ன்னாங்க. நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

பஸ் திருப்பாதிரிப்புலியூரில் நின்றது. தில்லையம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எறங்குங்க."

ராஜவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

"வெறுங்கையோடயா போறது?" என்றபடி பூக்கடையைத் தேடி அவளுக்கு முன்னால் நடந்தார்.