வடுவூர் வழியாகத் தஞ்சாவூருக்கு, ஒரு பாட்டில் கீழாநெல்லிப் பொடியோடு

கார்த்திகை மழையில் டெல்டாவைச் சுற்றிப்பார்க்க வாருங்கள் என்று நான் யாரையும் கூப்பிட மாட்டேன். நான் போனது அண்ணிக்காக.

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அண்ணன் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறார். ஆவணியில் அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரைகளோடு, அண்ணியும் கீழாநெல்லியைப் பறித்து, நிழலில் உலர்த்திப் பொடித்து, தினமும் காலையில் மோரில் கலந்து கொடுத்தார். காமாலை இறங்கிவிட்டது. மோர் மட்டும் நிற்கவில்லை. ஐப்பசியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் மறுபடி பாதிக்கப்பட்டிருந்தது. “பொடிய உடனே நிறுத்துங்க. அதுல என்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க” என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. “ஏன் மாலா, நான்தான் உங்கண்ணனுக்கு வெஷத்தக் கலக்கிக் குடுத்துட்டேனா?” என்று போனில் கேட்டார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதற்கு என்ன பதில் சொல்வது? ரயில் ஏறிவிட்டேன்.

மன்னார்குடியிலிருந்து, பரிசோதனைக் கூடம் இருக்கும் தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம், மழை என்றால் ஒன்றரை. இடப்பக்கமா வலப்பக்கமா என்று யோசிக்க வேண்டாம், இரண்டு பக்கமும் சம்பாப் பயிர்தான். வடுவூர் ஏரிக்குப் பறவைகள் வந்திருந்தன. ஜன்னல் வழியாகக் காட்டினேன், அண்ணி திரும்பவே இல்லை. மடியில் பொடி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“என்னக்கா, ஊறுகாயா? வாசனையே வரலயே” என்றார் கண்டக்டர்.

“மருந்துங்க” என்று சொன்ன அண்ணி, அதற்கப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுவது எனக்குத் தெரியக்கூடாதாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாமல் அழ முடியுமா என்ன!

பேருந்து நிலையத்திலிருந்து பரிசோதனைக் கூடத்துக்கு ஆட்டோவில் நூற்றிருபது ரூபாய். பேரம் பேசாவிட்டால் நூற்றைம்பது. பொடியோடு வேருடன் ஒரு செடியும் வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் வேறு செடிகளைப் பறித்துவிடுகிறவர்கள் உண்டாம். அங்கிருந்த ஆய்வாளர் அம்மா செடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கீழாநெல்லிதான். எங்க பறிச்சீங்க?” என்று கேட்டார்.

“எங்க வரப்புலதாங்க. பூச்சிமருந்து அடிச்ச வயல்ல நான் கால்கூட வைக்க மாட்டேன். வரப்புல மட்டுந்தான் பறிப்பேன்.”

அவர் அதைக் குறித்துக்கொண்டார். உலோகம், பூஞ்சை இவற்றோடு பூச்சிமருந்தையும் சேர்த்துப் பார்த்துவிடுவோம் என்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. அதை வாங்க அண்ணனும் கூட வந்தார். உலோகம் இல்லை, பூஞ்சை இல்லை. பூச்சிமருந்து இருந்தது. “இதனாலதான் கல்லீரல் கெட்டுச்சுன்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா இது வயித்துக்குள்ள போகவே கூடாத சாமான்” என்றார் அந்த அம்மா.

“வரப்புல எப்படிங்க?” என்று கேட்டார் அண்ணி.

பதில் அண்ணனிடமிருந்து வந்தது. “நான்தான் அடிச்சேன். பயிருக்கு அடிச்சது போக டேங்க்ல மிச்சம் இருக்கும்ல? வாய்க்கால்ல கொட்டினா மாடு குடிக்கும், வாத்து மேயும். வீணா எதுக்குன்னு நடந்துக்கிட்டே வரப்புல அடிச்சு முடிச்சுடுவேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தானே செய்யறோம்?”

மாட்டுக்கும் வாத்துக்கும் பார்த்த மனுஷன்! எனக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை. இனி அண்ணிக்கு நிம்மதி என்றுதான் நினைத்தேன். ஆனால் அண்ணி மெதுவாகச் சொன்னார்: “ஏங்க, அப்ப நானும் குடிச்சிருக்கேனே. ஒங்களுக்கு ஒத்துக்குமோ என்னமோன்னு, தெனமும் மொத வாய் நான் குடிச்சுட்டுத்தான் ஒங்கள்ட்ட தருவேன்.”

மூன்று மாதம் அந்த வீட்டில் இது யாருக்கும் தெரியாது. அண்ணன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் பிறர் பார்க்க யாரும் யார் கையையும் பிடித்ததில்லை. “வா, மொதல்ல ஒனக்கு ரத்தம் குடுக்கலாம்” என்று அப்படியே கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் முடிவு வரும்வரை அவருக்கும் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, அண்ணிக்கு ஒன்றுமில்லை. பொடியை நிறுத்தியபின் அண்ணனுக்கும் மெல்ல மெல்லக் குணமாகி வருகிறது.

இப்படி ஒரு காரியமாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பொடியை ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் கொண்டுபோங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். செடி எந்த இடத்தில் பறித்தது, பக்கத்தில் என்ன தெளித்தார்கள் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எதைப் பரிசோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும், போனில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். முடிவு நல்லபடியாக வந்தாலும் டாக்டரைக் கேட்காமல் மறுபடி ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் வேறு யார் குடிக்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மார்கழியில் மறுபடி போயிருந்தேன். அண்ணன் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்து, அண்ணியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் குச்சிகளில் கட்டி வரப்பு நெடுக நட்டுக்கொண்டிருந்தார். மிச்சத்தை இப்போது வரப்பில் அடிப்பதில்லை. ஆனாலும் காற்றில் சாரல் வந்து விழுமே, அதற்கு ஓர் அடையாளம் என்றார்.

“நான்தான் இனிமே பறிக்கப்போறதில்லயே, இது யாருக்கு?” என்று கேட்டார் அண்ணி.

அண்ணன் நிமிராமலே சொன்னார்: “இந்த ஊர்ல புருசனுக்கு முந்தி மொத வாய் குடிக்கிறவ நீ ஒருத்திதானா?”