கைப்பிடிக்குள் இருந்த துரு

மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற ஊரில் என் அண்ணனுக்கு ஒரு பட்டறை இருந்தது. பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியின் கோயில்களில் உள்ள பித்தளை விளக்குகளை அவர்தான் பழுது பார்ப்பார். ஜப்பான்காரன் காலத்தில் அந்த வேலை குறைந்துபோய், ஒரு ஜப்பானிய ராணுவ அதிகாரி கொடுத்த சில்லறை வேலைகள்தான் மிஞ்சின. அவர் தயவு இருந்ததால்தான் அண்ணனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப்போகவில்லை. என் கணவரைப் பிடித்துப்போய்விட்டார்கள். அதனால் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன்.

ஒரு காலை அதிகாரி தம் பழைய வாளைக் கொண்டுவந்தார். பிடியை வாளோடு பொருத்தும் மூங்கில் ஆணி உடைந்திருந்தது. பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியின் துருவைத் தொடாதே என்று அண்ணனிடம் மலாயில் இரண்டு தரம் சொன்னார். அண்ணி அப்போது கிணற்றடியில் இருந்தார்.

அண்ணன் மூங்கில் வெட்டப் போய்வந்தபோது, அண்ணி புளிச்சக்கையும் சாம்பலுமாக அந்தத் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பளபளத்தது.

"அடியே, என்ன பண்ற?"

"சாமி விளக்கையே இப்படித்தானே தேய்க்கிறோம். கத்திக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அந்தத் துருவப் பாத்துத்தான் செஞ்சவன் யாருன்னு கண்டுபிடிப்பாங்களாம். சாயந்திரம் அதுக்குன்னே ஒரு ஆளு வர்றாரு. என் கழுத்துக்கே புளி போட்டுட்ட!"

அண்ணி புளிக்கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார். நான் சயாமை நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் அதிகாரியோடு வந்தவர், போருக்கு முன்பே ஊரில் பல் வைத்தியம் பார்த்த ஜப்பானியர்; வாள் பார்ப்பதிலும் கைதேர்ந்தவராம். மலாய் நன்றாகப் பேசுவார். பெயரைப் பார்க்காமலே கணிப்பதற்காக அடிப்பகுதியைத் துணியால் மூடச் சொல்லி, முதலில் வாளை மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கூரின் ஓரமாகக் கடல் நுரைபோல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அது முனையில் எப்படித் திரும்புகிறது என்று நெடுநேரம் பார்த்தார். பிறகு துணியை விலக்கினார். பளபளத்த பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தார். நல்ல வேளையாக, கொல்லனின் பெயரை வெட்டிய எழுத்துகள் மறுபக்கத்தில் இருந்தன. சுற்றிலும் துரு கறுத்திருக்க, எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் அது புதிதாகப் பிடித்ததுபோல் செந்நிறமாக இருந்தது.

அதிகாரியிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "நாமா பொஹோங்," என்றார். பெயர் பொய். செய்தவன் ஏதோ மலைநாட்டுக் கொல்லன், பெயர் வெட்டாதவன். பெரிய கொல்லனின் பெயரைப் பின்னால் யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று அண்ணனுக்கும் மலாயில் விளக்கினார்.

அதிகாரியின் காது சிவந்தது. விரலால் அந்தப் பெயரைச் சுட்டி, அராவிவிடும்படி அண்ணனிடம் சைகை காட்டினார். மற்றப் பக்கத்தை யார் தேய்த்தது என்று கேட்கவே இல்லை.

அண்ணன் அரம் எடுத்தார். எழுத்து போனதும் அதிகாரி புளிக்கிண்ணத்தைப் பார்த்து, அண்ணியைப் பார்த்தார். அண்ணி உட்கார்ந்து அந்தப் பக்கத்தையும் தேய்த்தார்.

அவர்கள் போன பிறகு, "இதத்தான காலையிலயே செஞ்சேன்," என்றார் அண்ணி.

"கிண்ணத்தத் தூக்கிட்டு உள்ள போ," என்றார் அண்ணன்.

அடுத்த வாரமும் அதிகாரி வேலை கொண்டுவந்தார். வாளை மட்டும் கொண்டுவரவில்லை.