முள் நிமிரும் இடம்

பெருமாள் குடிக்க மாட்டான். பெண்டாட்டி மேல் கை வைக்க மாட்டான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து பந்தல் கால் நடுவான். அவனைப் பற்றிக் கெட்டது சொல்ல வருகிறவர்களை நானே வாயால் விரட்டியிருக்கிறேன். அதனால் நான் இப்போது சொல்வதை யாரோ ஆகாதவள் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் தெருவில் நாலாவது வீடு அவனுடையது. என்னை அத்தை என்று கூப்பிடுவான். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஜல்லி லாரியில் கிளீனராகப் போனான். ஆறு வருடத்தில் அந்த லாரியையே ஓட்டினான். முதலாளி கஞ்சன். லாரியில் எந்த மீட்டரும் வேலை செய்யாது. வேகம் காட்டும் முள் சைபரில் செத்துக் கிடந்தது. டீசல் முள் டாங்கி காலியானாலும் பாதி என்றே காட்டும்.

“அப்பறம் எப்டிடா ஓட்டுன?” என்று ஒரு தரம் கேட்டேன்.

“சைடு கண்ணாடி நடுங்க ஆரம்பிச்சா அம்பது அத்தே. அதுல மூஞ்சி தெரியாத அளவுக்கு நடுங்குனா எழுவது. டீசலுக்கு ஒரு மூங்கில் குச்சி வெச்சிக்கினு இருந்தேன், உள்ள வுட்டு ஈரத்தப் பாத்துக்குவேன்.”

இப்படி இருந்தவன் சொந்தமாக ஒரு பழைய லோடு வண்டி வாங்கினான். மற்றவர்கள் என்றால் டயரைக் காட்டுவார்கள், என்ஜினைக் காட்டுவார்கள். இவன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மீட்டரைக் காட்டினான். “பாரு அத்தே, எல்லா முள்ளும் உசுரோட கீது.” பிள்ளை பிறந்த வீட்டுக்காரன் மாதிரி சிரித்தான்.

அந்த வருடம் மாசியில்தான் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். பெருமாளுடைய வண்டியில் இல்லை. கத்தரிக்காய் மூட்டையோடு வேறொருவன் வண்டியில் ஏறிப் போனார். முன்னால் போன லாரியை முந்தப் பார்த்தான் அந்தப் படுபாவி. திருமுக்கூடல் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி உருண்டது. ஓட்டியவன் கையில் ஒரு கட்டோடு வீடு வந்துவிட்டான். இவர் வரவில்லை. விஷயம் தெரிந்து ஓடியது பெருமாள்தான். ரத்தமும் கத்தரிக்காயுமாகக் கிடந்தவரைத் தோளில் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். உயிர் வழியிலேயே போய்விட்டது. அதற்கு அவன் என்ன செய்வான்?

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் எந்த வண்டியிலும் ஏறவில்லை. எனக்கு இருப்பது அரைக்காணி கீரைக்கொல்லை. காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால்தான் அது சோறு. போகாமல் விட்டதில் பாதி மாட்டுக்குப் போனது. ஒரு நாள் பெருமாள் கொல்லைக்கே வந்து நின்றான்.

“எவ்ளோ நாளு இப்டியே குந்திக்கினு இருப்ப? கீரை பூ வுட்டுப் போச்சி பாரு.”

“வுடட்டும். எவன் வண்டிலயும் ஏற மாட்டேன்.”

“என் வண்டில ஏறு. நாப்பதத் தாண்ட மாட்டேன்.”

“நீ நாப்பதுல போறியா நானூறுல போறியான்னு எனக்கு எப்டிடா தெரியும்? எழுத்தும் தெரியாது, அந்தப் பொடி நம்பரும் கண்ணுக்குத் தெரியாது.”

“நம்பரு எதுக்கு? முள்ளு தெரியுதுல்ல? நட்டு வெச்ச குச்சி மாதிரி நேரா நின்னா நாப்பது. நீ முன்னால என் பக்கத்துலயே குந்து. தாண்டுச்சின்னா செவுட்டுல ஒண்ணு வுடு.”

பக்கத்து வீட்டு செல்லம்மாளும் அப்போது கூட இருந்தாள். அவளும் கீரைக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஐந்தாவது வரை படித்தவள். விடுவிடுவென்று வண்டிக்குப் போனாள். தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து, முள் நேராக நிற்கும் இடத்தில் மீட்டர் கண்ணாடி மேல் ஒட்டினாள். “இந்தா யக்கா, இதான் எல்ல. இத்த தாண்டுனான்னா நான் கேக்கறேன் அவன.”

அப்படித்தான் ஏறினேன். வெயிலில் பொட்டு வெளுத்தால் செல்லம்மாள் வேறு ஒன்று ஒட்டுவாள். பின்னால் இரும்புப் பலகையில் ஏழு பொம்பளைகள், கூடைகள். முன்னால் நானும் பெருமாளும். ஐந்து வருடம். முள் பொட்டைத் தாண்டியது ஒரே ஒரு நாள். பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை வழியில் ஏற்றிக்கொண்டோம். அன்றைக்கும் அவன் என் முகத்தைப் பார்த்து, “அத்தே, தாண்டட்டுமா?” என்று கேட்டான். தாண்டு என்றேன். தாண்டினான். அப்படிக் கேட்கிற ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. கட்டினவர்கூட என்னைக் கேட்டு ஒன்றும் செய்ததில்லை.

பின்னால் இருந்தவளுகளுக்குத்தான் ஆகவில்லை. நாங்கள் போய்ச் சேருவதற்குள் நிழலான இடமெல்லாம் மற்ற ஊர்க்காரிகள் பிடித்துவிடுவார்கள். “மாட்டு வண்டி முந்திக்கினு போவுது பாருடி,” என்று குத்துவார்கள். “ஹாரன் அடிக்காத பெருமாளு, நத்த பயந்துடும்.” அவன் சிரித்துக்கொண்டே, “அத்தையாண்ட பேசிக்கோங்க, எனக்கு இன்னா,” என்பான். நான் திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். அடங்கிவிடுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் லோடு வண்டியைக் கொடுத்துவிட்டு வேன் வாங்கினான். அதுவும் செகண்ட் ஹேண்டுதான், ஆனால் ராஜா வீட்டு வண்டி மாதிரி இருந்தது. மெத்தை சீட்டு. கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச் சத்தம் உள்ளே வராது. மீட்டர் பெரிய வட்டமாக, சாப்பாட்டுத் தட்டு மாதிரி. முதல் நாள் ஏறியதும் நான் பார்த்தது அதைத்தான். நடு உச்சியில், முள் நேராக நிற்கும் இடத்தில், பொட்டு இருந்தது.

“ஒட்டிட்டியா?” என்றேன்.

“செல்லம்மா அக்கா காலைலயே வந்து ஒட்டிடுச்சி,” என்றான்.

பழைய வண்டியில் மார்க்கெட் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகும். புது வண்டி முக்கால் மணிக்கு முன்பே கொண்டுபோய் விட்டது. அந்த வாரமே கேட்டேன்.

“இன்னாடா இது, அதே நாப்பதுல இவ்ளோ சீக்கிரம் வந்துட்டோம்?”

“டயர் பெருசு அத்தே. பழைய வண்டி ரெண்டு சுத்து சுத்துனா இது ஒரு சுத்து. நாப்பது நாப்பது தான், தூரம் தான் ஜாஸ்தி ஓடுது.”

எனக்குச் சரியாகத்தான் பட்டது. பெரிய கால் உள்ளவன் சின்னப் பிள்ளையைவிடச் சீக்கிரம் போய்ச் சேருவதில்லையா? பழைய வண்டி நாற்பதிலேயே எலும்பைக் கழற்றும். இது தொட்டில் மாதிரி போனது. நிழலில் இடம் கிடைத்தது. கீரை வாடுவதற்கு முன்பே விற்றுத் தீர்ந்தது. பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன். எனக்கும் இனித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

போன ஆடியில் ஒரு திங்கட்கிழமை. பஸ் வரவில்லை என்று வழியில் ஒரு பெண் கை காட்டினாள். வளர்மதி என்று பெயர், காஞ்சிபுரத்தில் நர்ஸ் வேலை. பின்னால் இடமில்லை. என் காலடியில் கூடை இருந்ததால் நான் ஜன்னல் ஓரம் இருந்துகொண்டு அவளை எனக்கும் பெருமாளுக்கும் நடுவில் உட்கார வைத்தேன். பாலம் நெருங்கும்போது அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

“அண்ணா, கொஞ்சம் மெதுவா போங்க. எழுபத்தெட்டு போவுது.”

பெருமாள் கண்ணாடியில் பின்னால் இருந்தவர்களைப் பார்த்தான். நான்தான் சிரித்தேன். “நீ புதுசும்மா, அதான் பயப்படுற. எழுவதும் இல்ல எம்பதும் இல்ல. முள்ளு பொட்டுக்குக் கீய தானே கீது? பொட்டு நாப்பது. பழைய வண்டிலயும் முள்ளு நேரா நின்னா நாப்பது தான்.”

“பொட்டே எண்பதுல தான் ஆயா ஒட்டியிருக்கு. நாப்பது இதோ இங்க.” அவள் விரல் வைத்துக் காட்டினாள். அந்த விரல் எங்கேயோ கீழே, இடது பக்கத்தில் இருந்தது. “இந்த மீட்டரு நூத்தி அறுபது வரைக்கும் கீது. பழைய வண்டி மீட்டரு எண்பதோட முடிஞ்சிருக்கும்.”

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஏழு பேரில் ஒருத்தியாவது, “அய்யோ, எம்பதா!” என்று நெஞ்சில் கை வைப்பாள் என்று பார்த்தேன். ஒருத்தி கூடையில் கட்டு சரியாக இருக்கிறதா என்று தடவினாள். ஒருத்தி வராத கொட்டாவியை விட்டாள். செல்லம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வண்டிய நிறுத்துடா.”

“பாலம் தாண்டி ஓரமா—”

“நிறுத்துடான்னேன்!”

நிறுத்தினான். என் வீட்டுக்காரர் கிடந்த இடத்துக்கு இருபது முப்பது அடி முன்னால் நின்றது வண்டி.

“உனக்குத் தெரியுமா தெரியாதா? பொய் சொன்ன, நாக்க இயுத்து வெச்சி அறுத்துருவேன்.”

அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். “மொதல்ல எனக்கே புரியல அத்தே. அஞ்சி வருஷம் முள்ளு நேரா நிக்கறதப் பாத்த கண்ணு. இந்த வண்டில நாப்பதுல போனா முள்ளு படுத்துக்கினு கீது. வண்டி நின்னே போச்சோன்னு இருக்கும். காலு தன்னால அமுக்குது. முள்ளு நிமிந்தா தான் போறா மாரியே தோணுது. வட்டத்த அப்டி போட்டு வெச்சிக்கிறான் அத்தே.”

“எத்தினி நாளு புரியல?”

“ஒரு வாரம்.”

“மீதி ரெண்டு வருஷம்?”

ஸ்டீயரிங்கில் இருந்த தூசியை விரலால் துடைத்தான்.

“டயர் பெருசுன்னு சொன்னியே, அது கூட உன் காலு தன்னால சொல்லிச்சா?”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னாலிருந்து செல்லம்மாள் வெடித்தாள்.

“அவன மட்டும் ஏன் புடுங்கற யக்கா? நாங்க தான் சொன்னோம். உன் பயத்துக்கு அஞ்சி வருஷம் நாங்க வெயில்ல வெந்தோம். உன் புருஷன் செத்தது எங்க தப்பா?”

“நீதானேடி ஒட்டுன?”

“ஆமா, நான் தான். நம்பர பாத்துதான் ஒட்டுனேன். இன்னா இப்போ? ஒரு கீறல் பட்டுதா உனக்கு? சீக்கிரம் வித்துட்டு வூட்டுக்குப் போய் நீயும் தானே தூங்குன?”

“தூங்குனேன்டி.”

அது உண்மைதான், அதனால் ஒத்துக்கொண்டேன். என்னிடம் நேராக வந்து, முடியாது அக்கா, இனி எண்பதுதான், வருவதானால் வா என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வீட்டில் கிடந்திருப்பேன். இல்லை, வேறு வழியில்லாமல் பயந்து பயந்து வந்திருப்பேன். எதுவானாலும் அது நான் எடுத்த முடிவு. இவர்கள் என்ன செய்தார்கள்? அவர் ரத்தம் கொட்டிய இடத்தை இரண்டு வருடமாகத் தினமும் காலையில் எண்பதில் கடந்திருக்கிறேன். அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டு, சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி நிம்மதியாக. ஒரு நாள் அந்த இடத்தைக் கடக்கும்போது பெருமாளிடம், “நீ மட்டும் அன்னிக்கு ஓட்டியிருந்தா அவரு இருந்திருப்பாருடா,” என்று சொன்னேன். அவன், “ஆமா அத்தே,” என்றான். சொல்லும்போது அவன் கால் எங்கே இருந்தது?

கதவைத் திறந்து இறங்கினேன். கூடையை இழுத்தேன், வரவில்லை. பெருமாள் சுற்றி ஓடிவந்து இறக்கி வைத்தான். கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

“ஏறு அத்தே. நெஜமாவே நாப்பதுல போறேன். நர்ஸம்மா நம்பர படிச்சி சொல்லட்டும்.”

“இன்னிக்கி நர்ஸம்மா படிப்பா. நாளைக்கி எவடா படிப்பா? இவளா?” செல்லம்மாளைக் கை காட்டினேன்.

“சரி, நீயே சொல்லு, நான் இன்னா பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். இவளுங்கள இட்டுக்கினு போ. வெயிலு ஏறுது.”

யாராவது ஒருத்தி இறங்குவாள் என்று ஒரு நிமிடம் நின்றேன். மறைக்க என்ன இருக்கிறது, செல்லம்மாள் இறங்குவாள் என்றுதான் நின்றேன். அவர் செத்தபோது பதினாறு நாள் என் வீட்டில் துணைக்குப் படுத்தவள் அவள். அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

வேன் கிளம்பியது. ஊர்ந்து ஊர்ந்து பாலத்தில் ஏறியது. பின்னால் வந்த மணல் லாரிக்காரன் ஹாரன் அடித்தே மாய்ந்தான். பெருமாள் அசையவில்லை. பாலாறு முழுக்க அதே நடைதான். அடே, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துதான் இப்படிப் போகிறான் என்று நினைத்தேன். அப்படியே அந்தக் கரையில் இறங்கி, பழையசீவரம் பக்கம் வளைந்து, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது.

மறைந்ததும் என்ஜின் உறுமியது. ஒரு கியர் மாறியது, இன்னொன்று மாறியது. ஆற்றில் காற்று இல்லாததால் வெகு நேரம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.