குளத்துக்கு அடியில கொங்கிறீற்

காய்ஞ்ச குளத்தில மண்வெட்டி இறங்கேக்கை ஒரு குளிர் மணம் வரும்... மேல வெடிச்சுக் கிடக்கும், உள்ளுக்கை ஈரம்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில எங்கடை வீட்டுக்குப் பின்னாலதான் குளம். கோடை வந்தா தோட்டத்துக்குப் போட அந்த மண்ணை அள்ளுவம். நானும் நேசனும் ஒரே வகுப்பு, ஒரே மண்வெட்டி. வெட்டேக்கை தவளை கிடக்கும், கண்ணை மூடிக்கொண்டு, செத்தது மாதிரி.

"வெட்டிப்போடாதை மச்சான்!"

முதல் கத்துறது நேசன்தான். மெல்ல ஒதுக்கி, ஈரமண் போட்டு மூடிப்போட்டுத்தான் அடுத்த வெட்டு. ஊரில எல்லாரும் அப்பிடித்தான்.

ஆறில்லாத ஊர் இது. பாதி வருஷம் காயும். அதுக்கெண்டே மண்ணுக்கை படுத்து மாரிக்கு எழும்பப் பழகின சீவன் அது. மனிசர் இஞ்சை கால் வைக்க முன்னமே பழகினது. சண்டையில இடம்பெயர்ந்து திரும்பின மாரியில எங்கடை வீட்டுக்குக் கூரையில்லை... ஆனா குளத்தில தவளை கத்தினது. அதைக் கேட்டுத்தான் ஊருக்கு வந்திட்டம் எண்டு நம்பினன்.

இப்ப நேசன் கனடா. குளத்தைத் "திருத்த" காசு சேர்த்தவன் அவன்தான். தூர் வாரியிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பன். அடியில சீமெந்து குழைச்சுக் கொங்கிறீற் போட்டாங்கள்! குளத்துக்கு! சுத்திவர நேர்ச்சுவர், கலர் லைற், கறுப்புக் கல்லில பேர்.

போனில பிடிச்சு ஏசினன்.

"டேய், கீழ தண்ணி போகாட்டிக் கிணறு என்னடா ஆகும்? தவளை எங்கை படுக்கும்?"

"உனக்கு விசரே? தவளைக்கே உந்தக் கத்து கத்துறாய்? வடிவா இருக்கெண்டு எல்லாரும் லைக் போடுறாங்கள்."

வடிவுதான். அதுக்குள்ள இறைச்சு நிரப்பின தண்ணியில நுளம்பு பெருகுது, புகையடிக்க ஆள் வருது. பக்கத்து வீட்டுக் கிணறு உவர்க்கத் தொடங்கீட்டுது. நேற்று முதல் மழை. யன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு இருந்தன்... ஒரு சத்தமில்லை.

இப்ப வட்ஸ்அப்பில அடுத்த குளத்துக்கும் காசு சேர்க்கினம். ஆழமாக்குங்கோ, கரையில மருது வையுங்கோ, நானும் தாறன். அடி மண்ணில மட்டும் கை வையாதேங்கோ.

வேலை கோடையிலதானாம். எங்கடை குளத்திலயும் கோடையிலதான் நடந்தது.

அப்ப அதுகள் எல்லாம் கீழ படுத்திருந்ததுகள், நேசன். நீ ஈரமண் போட்டு மூடின அதே இடத்தில.