ரெண்டு கலரு

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். ஏழு மாதக் கர்ப்பத்தில் நீர்க்கடுப்பு வந்தபோது அது இன்னும் கூடிப்போனது. டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் எரிச்சல் அடங்கவில்லை. முதலில் கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பார்மசிக்காரர்மேல் சந்தேகப்பட்டேன். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேதி சரியாகவே இருந்தது.

அடுத்தது மாமியார். கட்டுகஸ்தோட்டையில் அவர் வீட்டில்தான் இருந்தோம். "வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு இவ்வளவு மாத்திரையா? செவ்விளநீர் குடிச்சா போதும்," என்று தினமும் சொல்வார். கூடு போலிருந்த அந்த மாத்திரைக்குள் மருந்தைக் கொட்டிவிட்டு மாவை அடைத்திருப்பாரோ என்று ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்காயாகக் கசந்தது.

அன்று சாயங்காலமே குளிர்காய்ச்சல் தூக்கிப்போட, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது, பிள்ளை நாளுக்கு முன்பே பிறந்துவிடலாம் என்றார்கள். எனக்கு உயிரே இல்லை. சிறுநீர்ச் சோதனை முடிவோடு யாழ்ப்பாணத்து டாக்டர் அம்மா வந்தார்.

"இந்தக் கிருமிக்கு நீங்கள் எடுத்த மருந்து கேக்காது. முந்தியும் அன்டிபயோட்டிக் எடுத்தனீங்களோ?"

"ஒருநாளும் இல்ல டாக்டர்," என்றேன். என் சிறுநீர்ப் போத்தலை யாருடையதோடோ மாற்றிவிட்டார்கள் என்று மனசுக்குள் உறுதியே செய்துகொண்டேன். வேறு ஊசி ஏற்றத் தொடங்கினார்கள்.

மறுநாள் பன்விலையிலிருந்து அம்மா பஸ் பிடித்து வந்தாள். கட்டிலருகே உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாக நாலைந்து மாத்திரைகள். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் யாருக்குக் கொடுத்தது மிஞ்சினாலும் அம்மா கேட்டு வாங்கி வைத்துக்கொள்வாள். பல்வலியா, சளியா, காலில் கண்ணாடி கிழித்ததா, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் இதுதான். வலி விட்டதும் நிறுத்திவிடுவோம். பெயர் 'ரெண்டு கலரு'.

நான் பிரித்து நாக்கில் வைத்ததும் இதே மாத்திரைதான்; பார்மசி அட்டையில் இருந்ததால் இரண்டும் ஒன்றென்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இதையா எனக்குக் குடுத்துக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா. போன மாசம் இருமலுக்குக்கூட ரெண்டு குடுத்தேனே. ஒடனே நின்னுச்சுல்ல?"

"டாக்டர் கேட்டாங்கம்மா. மருந்தே எடுக்கலன்னு சொல்லிட்டேன்."

"சரியாத்தானே சொல்லியிருக்க. இது மருந்தா? ரெண்டு கலருதானே புள்ள."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கால்மாட்டில் மாமியார் எனக்காக இளநீரை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அரைகுறையாக விழுங்கி விழுங்கியே கிருமி இந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று சொல்லி, முடிச்சு மாத்திரைகளை அவரே வாங்கிக்கொண்டு போனார்.

புது ஊசி கேட்டது. மகள் நாள் நிறைந்துதான் பிறந்தாள். அவளுக்கு முதல் தடுமன் வந்த அன்று அம்மா, "புள்ளய குடு, நான் வச்சிக்கிறேன்," என்று கை நீட்டினாள். நீட்டிய கையை நான் பார்க்கவில்லை, முந்தானையைத்தான் பார்த்தேன். அதில் ஒரு முடிச்சு இருந்தது.